முன்னால் போகிறவன் கை

ரேஸ் சைக்கிள் பழகுகிறவனுக்கு முதலில் கால்தான் வலிக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை சார். உட்காருகிற இடம்தான் வலிக்கும். முதல் இரண்டு வாரம் கடையில் தலையணை போட்டுத்தான் உட்கார்ந்தேன். கணக்குப்பிள்ளை வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். நான் கோபக்காரன் இல்லை. அருப்புக்கோட்டை பஜாரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

என் பெயர் ராஜகுரு. பருப்பு, தானியக் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்த கடை. உளுந்து, பாசி, கம்பு, குதிரைவாலி என்று இந்தச் சுற்றுவட்டாரத்துப் புஞ்சைகளில் விளைவதெல்லாம் என் கடைப் படியேறித்தான் வெளியூர் போகும். ஒரு உளுந்தைப் பல்லில் வைத்துக் கடித்தால் போதும், அது எத்தனை வெயில் கண்டது என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்கும் ஒன்றிரண்டு விஷயங்கள் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நாற்பதைத் தாண்டியதும் சர்க்கரை வந்தது. வேர்க்க வேர்க்க ஏதாவது செய்யுங்கள் என்றார் டாக்டர். உட்கார்ந்தே பிழைப்பு நடத்துகிறவனுக்கு வேர்வை எங்கிருந்து வரும்? அப்போது சண்முகவேல்தான் வழி சொன்னான். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு. பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் பம்பு கடை வைத்திருக்கிறான். பல வருடங்களாக விடியற்காலையில் சைக்கிள் ஓட்டுகிற கூட்டத்தோடு திருச்சுழி வரைக்கும் போய் வருவான். வெளியூர்ப் பந்தயங்களுக்கும் போவான்.

"ஏலே குரு, மாத்திரையை முழுங்கிக்கிட்டே எத்தன நாளு ஓட்டுவ. சைக்கிள மிதிலே. நான் கூட வாரேன்" என்றான்.

மதுரைக்குக் கூட வந்து சைக்கிள் எடுத்துக் கொடுத்தவன் அவன். சீட்டு உயரத்தை என் காலுக்குத் தக்கபடி இறக்கி வைத்தவனும் அவன்தான். அவன் வாங்கச் சொன்ன, உடம்போடு ஒட்டுகிற சைக்கிள் கால்சட்டையை நான் முதல் நாள் மாட்டியபோது, என் மனைவி கோகிலாம்பாள் என்னைப் பின்வாசல் வழியாகப் போகச் சொன்னாள்.

எங்கள் காட்டில் மலை கிடையாது சார். காற்றுதான் மலை. திருச்சுழி ரோட்டில் ஊரைத் தாண்டிவிட்டால் இரண்டு பக்கமும் கரிசலும் வேலிக்கருவையும்தான். மறைப்பு ஒன்றும் இல்லை. எதிர்க்காற்றில் தனியாக மிதிக்கிறவன் சீக்கிரம் செத்துப்போவான். அதனால் ஒருவன் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்வான். மற்றவன் அவனுடைய பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒட்டிக்கொண்டு வருவான். பின்னால் வருகிறவனுக்குப் பாதி பலம் மிச்சம். ஆனால் அவனுக்கு ரோடு தெரியாது. முன்னால் இருப்பவனின் முதுகும் சக்கரமும்தான் தெரியும்.

அதற்குத்தான் கை. பள்ளம் வந்தால் முன்னால் போகிறவன் விரலைக் கீழே காட்ட வேண்டும். மணலோ சரளையோ கிடந்தால் உள்ளங்கையை விரித்து ஆட்ட வேண்டும். ஒதுங்க வேண்டும் என்றால் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து வீச வேண்டும். பின்னால் வருகிறவன் கேள்வி கேட்காமல் ஒதுங்குவான். கியர் மாற்றுவதைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னாலேயே சண்முகவேல் எனக்கு இதைச் சொல்லிவிட்டான்.

"கை காட்டாம ஒதுங்குறவன் கூட ஒருநாளும் ஓட்டாத மாப்ள" என்றான்.

நான் சீக்கிரமே பழகிக்கொண்டேன். ஒரு தடவைகூடக் கை காட்ட மறந்ததில்லை. இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திருச்சுழிக்கு முன்னால் ஓடைப் பாலம் ஒன்று இருக்கிறதே, அதுதான் அவன் நிற்கிற இடம். காற்றில் நான் பின்தங்கியதும் அவன் தன் வேகத்துக்குப் போய்விடுவான். நான் நாக்குத் தள்ளப் போய்ச் சேரும்போது பாலத்துக் கட்டைச்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பான். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து தயாராக நீட்டுவான். "வந்துட்டியா மாப்ள. நல்லா முன்னேறிட்ட" என்பான். தினமும் அதே வார்த்தை, அதே சிரிப்பு. திருச்சுழி டீக்கடையில் எனக்காகச் சீனி போடாத டீயைச் சொல்லி வைத்திருப்பான். டீக்கடைக்காரர் அவனைப் பார்த்ததும், "பின்னாடி அண்ணாச்சி வாராகளா" என்று கேட்டுவிட்டுத்தான் பாலை ஊற்றுவார். நான் வந்து சேரும்போது அந்த டீ ஆறியிருக்கும்.

காத்திருப்பது ஒரு குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதையே பல நாள் என்னிடம் கேட்டுக்கொண்டேன். பரீட்சை எழுதி முடித்துவிட்டு வாசலில் எனக்காக நின்றவன் அவன். கிணற்றில் எல்லோரும் குதித்து நீந்தும்போது, நீச்சல் வராத எனக்குத் துணையாகப் படியில் உட்கார்ந்திருந்தவன் அவன். ஒருநாளாவது என்னை விட்டுவிட்டுப் போயிருந்தால் நான் அவனைத் திட்டியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அவன் போகவில்லை.

ஐப்பசியிலிருந்து நான் தனியாகவும் ஓட்ட ஆரம்பித்தேன். மதியம் கடையை அடைத்துவிட்டு எம்.ரெட்டியபட்டி ரோட்டில் வெயிலோடு மிதித்தேன். காலில் சதை இறுகியது. சர்க்கரையும் இறங்கியது. மார்கழியில் ஒருநாள் பாலம் வரைக்கும் அவன் சக்கரத்தை விடாமல் போய்விட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நான் மூச்சு வாங்கினால் அவன் மிதி மெதுவாகிறது. நான் தேறினால் கூடுகிறது. அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை, என் மூச்சுச் சத்தத்தைக் காதால் கேட்டே ஓட்டிக்கொண்டிருந்தான். நான் அவனோடு ஓட்டவில்லை. அவன் என்னை நடத்திக் கூட்டிப்போயிருக்கிறான்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை போட்டி என்று சொன்னார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போய்த் திரும்ப வேண்டும். இளவட்டங்களுக்குத் தனி ஓட்டம், நாற்பது வயது தாண்டியவர்களுக்குத் தனி ஓட்டம். எனக்கு அது முதல் போட்டி. நான் பெயர் கொடுத்தேன், அவனும் கொடுத்தான்.

அந்த வாரத்தில் அவன் மனைவி சுகப்பிரியா இட்லிக்கு உளுந்து வாங்கக் கடைக்கு வந்தது. நல்ல பிள்ளை, வெள்ளை மனசு.

"பயப்படாம ஓட்டுங்கண்ணே. அவுக சொல்லிட்டாக, கடைசியில நான் ஒதுங்கிக்கிருவேன், இந்தத் தடவ குருவ ஜெயிக்க விட்டுறணும், பாவம்னு. நான் சொன்னேன்னு சொல்லிறாதீக" என்று சிரித்தது.

நான் எடை போட்டுக்கொண்டிருந்தேன். எடைக்கு மேல் ஒரு கை உளுந்தை அள்ளிப் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அது சந்தோஷமான சேதி சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் படியிறங்கிப் போனது. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ முனீஸ்வரி வந்தாள். அவளை உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் கூட்டிவந்து இதே பெஞ்சில் உட்கார வைத்தீர்கள். பாலத்துக்குக் கிழக்கே வளைவை ஒட்டி அவளுக்குப் புஞ்சை. இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ரோடுதான் களம். பிடுங்கிய உளுந்தஞ்செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டால் பஸ்ஸும் லாரியும் மிதித்து நெற்று உடைந்து உளுந்து உதிர்ந்துவிடும். போடக்கூடாது என்று அதிகாரிகள் சொல்வார்கள், இவர்கள் போடுவார்கள், பஸ் டிரைவர் வைதுகொண்டே மேலே ஏற்றிப் போவார். வருடா வருடம் நடப்பதுதான்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம ரோட்டுல எதுவும் போடக்கூடாதுன்னு ஆட்டோவுல மைக்கு கட்டிச் சொல்லிட்டுப் போறாக. செடி பூராம் புடுங்கிக் குமிச்சுக் கெடக்கு. வானம் வேற மூட்டமா இருக்கு. ஒரு மழ விழுந்தா அம்புட்டும் கறுத்துரும். என்ன செய்யட்டும்?"

"ஏழு மணிக்குள்ள எங்க ஓட்டம் முடிஞ்சிரும் தாயி. பனி விலகவும் நீ பாட்டுக்குப் போடு. போட்டி பாக்க வந்த காரு, வேனு எல்லாம் அப்பறம் அந்த வழியாத்தான் போகும். நல்லா மிதிபடும்."

"நெசமாவா அண்ணாச்சி?"

"நான் ஓட்டுறவன்ல. எனக்குத் தெரியாதா?"

ஓட்டம் தொடங்குவதே ஏழு மணிக்கு.

அவள் எழுந்திருக்கும்போது நானாகவே இன்னும் கொஞ்சம் சொன்னேன். வளைவில் போடு, அங்கே வண்டிகள் மெதுவாகப் போகும், செடி சிதறாது. சுற்றிக் கல் வரிசை வைத்துக்கொள். வடக்கு ஓரத்தில் மட்டும் ஒரு முழம் விட்டுப் போடு, டூவீலர்காரர்கள் உன்னைத் திட்டாமல் போவார்கள். எல்லாமே நியாயமான யோசனைகள். எந்தக் கமிஷன் கடைக்காரரும் தன்னிடம் வழக்கமாக விளைச்சல் கொண்டுவருகிற சம்சாரிக்குச் சொல்லக்கூடியவைதான். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு நான் எதையும் செய்யவில்லை. இது முக்கியம் சார். அவள் போடுவாளோ மாட்டாளோ, அன்றைக்கு மழை வருமோ வராதோ, எனக்குத் தெரியாது. நடப்பது நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். போட்டிக்கு முந்தின நாள் நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வானம் வெளுத்திருந்தது. நல்ல பனி. இளவட்டங்களை முதலில் விட்டார்கள். பிறகு எங்களை. போகும்போது கிழக்குக் காற்று முகத்தில் அடித்தது. அதை முழுக்கச் சண்முகவேல்தான் வாங்கிக்கொண்டான். வழியெல்லாம் அவன் கை வேலை செய்துகொண்டே இருந்தது. இங்கே பள்ளம், இங்கே சரளை, இங்கே ஒதுங்கு. ஒன்றைக்கூட விடவில்லை. வளைவில் ரோடு சுத்தமாக இருந்தது. ஓரத்தில் செடிக் குவியல் மட்டும் கிடந்தது, முனீஸ்வரியைக் காணோம். திருச்சுழியில் திரும்பும்போது எங்களுக்குப் பின்னால் யாரும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இல்லை.

திரும்பியதும் அவன் வேகத்தைக் குறைத்தான்.

"இனி நீ முன்னால போ மாப்ள. நான் உன் பின்னாடியே வாரேன்."

எனக்கு எல்லாம் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. நான் சரி என்று முன்னால் போனேன். இப்போது காற்று முதுகில். அந்த மாதிரி வேகத்தில் நான் ஒருநாளும் போனதில்லை. ஒரு பள்ளம் வந்தது, கை காட்டினேன். கொஞ்சம் மணல் வந்தது, காட்டினேன். "சபாஷ்" என்றான் பின்னாலிருந்து.

இளவட்டங்கள் திரும்பிப் போனதைப் பார்த்துவிட்டு, ஓட்டம் முடிந்தது என்று முனீஸ்வரி செடியைப் பரப்பியிருக்கிறாள். வளைவுக்கு ரொம்பத் தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கறுப்பு ரோட்டில் பழுப்பாக ஒரு பாய் விரித்த மாதிரி கிடந்தது. சுற்றிக் கல். வடக்கில் ஒரு முழச் சந்து. நான் சொன்னது சொன்னபடி.

கையை எடுக்க நேரம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். நிறைய நேரம் இருந்தது. நான் இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, நடு ரோட்டில், செடிக்கு நேராகவே போனேன். அவன் என் சக்கரத்தை நம்பிக் குனிந்து வந்துகொண்டிருந்தான். கடைசி நிமிடத்தில் உடம்பைச் சாய்த்து அந்தச் சந்துக்குள் புகுந்தேன். அந்த வேகத்தில் அப்படிப் புகுவது லேசான காரியம் இல்லை.

சத்தம் பெரிதாக இல்லை. லாரியிலிருந்து மூட்டை விழுகிற மாதிரி ஒன்று, அப்புறம் கல் உருண்டது. முனீஸ்வரி கத்தினாள் என்று நினைக்கிறேன். காய்ந்த உளுந்தஞ்செடி கண்ணாடி மாதிரி வழுக்கும். பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆள் நிற்க மாட்டான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தயத்தில் திரும்பிப் பார்க்கிறவன் தோற்பான் என்று சண்முகவேல்தான் சொல்லியிருக்கிறான்.

பாலத்தைத் தாண்டும்போது கட்டைச்சுவரைப் பார்த்தேன். அங்கே யாரும் சாய்ந்து நிற்கவில்லை.

முதலாவதாக வந்தேன். மாலை போட்டார்கள். கைதட்டினார்கள். சண்முகவேல் எங்கே என்று கேட்டார்கள். பின்னால் வருகிறான் என்றேன். ஒரு தண்ணீர் பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றேன். காத்திருப்பது அவ்வளவு சுகமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவன் ஏன் இத்தனை வருடம் காத்திருந்தான் என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிற வரைக்கும் நான் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை.

கழுத்தெலும்பு முறிந்து நரம்பு போய்விட்டது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது, இனியும் அசையாது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ரோட்டில் செடி போட்டதற்காக முனீஸ்வரி மேல் கேஸ். அவளுக்காக இந்தத் திருச்சுழி ஸ்டேஷனுக்கு வந்து ஜாமீன் நின்றவன் நான்தான். நீங்கள் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னீர்கள். "என் பேரச் சொல்லிறாத தாயி, அப்பறம் நான் வெளிய நின்னு ஒதவ முடியாது" என்று அவளிடம் சொல்லியிருந்தேன். தலையை ஆட்டினாள். இன்று வரைக்கும் சொல்லவில்லை. ரோட்டில் கிடந்த உளுந்தை அவள் அள்ளவே இல்லையாம். ஒருத்தன் உடம்பைக் கெடுத்த பாவி நான் என்று சரியாகச் சாப்பிடாமல் கிடக்கிறாளாம். ஜெயிலுக்குப் போய்விடுவாள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

நான் வாரம் தவறாமல் மதுரைக்குப் போய் சண்முகவேலைப் பார்த்துவிட்டு வந்தேன். தொண்டையில் குழாய் இருந்தவரை அவன் பேசவில்லை. நான் பாட்டிலைத் திறந்து தண்ணீரால் அவன் உதட்டை நனைப்பேன், நெற்றியைத் துடைத்துவிடுவேன். உண்மையைச் சொன்னால், அந்த நாட்கள் எங்களுக்குள் நன்றாகவே இருந்தன. நேற்று போனபோது குழாயை எடுத்திருந்தார்கள். சுகப்பிரியா மருந்து வாங்க வெளியே போனதும் மெதுவாகப் பேசினான்.

"மாப்ள, நாளைக்கு இன்ஸ்பெக்டர் வாராராம், வாக்குமூலம் வாங்க. நீ கை காட்டுன, நான்தான் குனிஞ்சு வந்ததுல பாக்கலன்னு சொல்லிர்றேன். அந்தப் பொம்பள மேலயும் தப்பு இல்லன்னு சொல்லிர்றேன். பாவம்."

"நான் கை காட்டலையே" என்றேன்.

"தெரியும்." சிரித்தான். முகம் மட்டும்தான் மிச்சம், அதில் அதே சிரிப்பு. "மறந்துட்ட. புதுசுல எல்லாருக்கும் மறக்கும் மாப்ள. அதப் போயி மனசுல வச்சுக்கிட்டுத் திரியாத. போகப் போகக் கை தானா வரும்."

நான் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். மறந்துட்ட.

நான் மறக்கவில்லை சார். வளைவைப் பார்த்து வைத்தது நான். செடியை அங்கே போட வைத்தது நான். சந்து விடச் சொன்னது நான். அந்த வேகத்தில் அந்தச் சந்தில் புகுந்ததும் நான். அத்தனையும் தெரிந்து, யோசித்து, சரியாகச் செய்தது. அதைப் புது ஆளின் மறதி என்று எழுதினால் அது பொய். அவன் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொல்லப் போகிறான். படுத்த படுக்கையிலிருந்தும் எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டு பாட்டிலை நீட்டப் பார்க்கிறான்.

முனீஸ்வரி என்ற ஒரு ஏழைப் பெண்ணுக்காக மனசாட்சி உறுத்தி நான் வந்திருக்கிறேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அவளுக்கு விடுதலை கிடைத்தால் எனக்கும் நிம்மதிதான். விடிந்ததும் கிளம்பிச் சைக்கிளில்தான் வந்தேன். நல்ல எதிர்க்காற்று. எங்கேயும் நிற்கவில்லை.

நீங்கள் மதுரைக்குக் கிளம்புவதற்கு முன்னால் இதில் நான் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. அவன் சொல்வதை அப்புறம் எழுதிக்கொள்ளுங்கள். குரு முன்னாலேயே ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான், உனக்காக அங்கே காத்திருக்கிறான் என்று மட்டும் அவனிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள் சார்.